டவுன்விண்டில் கலையும் கவனம், ஓடுபாதையில் உடையும் சக்கரம்

சிறு விமானம் ஒன்று இறங்கும்போது மூக்குச் சக்கரம் ஒடிந்தது, ஓடுபாதையை விட்டு விலகிப் புல்லில் போய் நின்றது, ப்ரொப்பெல்லர் தரையில் தட்டியது என்று கேள்விப்பட்டால், எல்லோரும் கடைசி ஐந்து விநாடியைப் பற்றித்தான் பேசுவார்கள். மூக்கைத் தூக்கியது போதவில்லை, பக்கக் காற்று தள்ளிவிட்டது, பிரேக்கை அழுத்திவிட்டார் என்பார்கள். அதெல்லாம் உண்மையாக இருக்கலாம். ஆனால் இரண்டு நிமிடம் பின்னால் போய்ப் பார்த்தால், டவுன்விண்டிலோ (ஓடுபாதைக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராகப் பறக்கும் கட்டம்) பேஸிலோ (அங்கிருந்து ஓடுபாதையை நோக்கித் திரும்பும் குறுக்குக் கட்டம்) ஒரு வேலை பாதியில் விட்டுப்போயிருக்கும். பக்கத்து இருக்கைக்காரர் ஏதோ கேட்டிருப்பார், ரேடியோவில் யாரோ கூப்பிட்டிருப்பார்கள், ஹெட்செட்டில் ப்ளூடூத் வழியாக ஒரு அழைப்பு மணி அடித்திருக்கும். பெங்களூரில் ஜக்கூர் போன்ற குட்டை ஓடுபாதையில் இறங்குகிறவர்கள், ஓசூர்ப் பக்கமிருந்தும் சென்னையிலிருந்தும் இங்கே வந்து பறக்கக் கற்றுக்கொள்ளும் நம் பிள்ளைகள், வார இறுதியில் உறவினரைக் கூட்டிக்கொண்டு பறக்கும் பிபிஎல் (தனியார் விமானி உரிமம்) விமானிகள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

கவனம் கலைவதில் உண்மையான ஆபத்து, கலைத்த விஷயத்தில் இருப்பதில்லை. நடுவில் விட்ட வேலையில்தான் இருக்கிறது. செஸ்னா 152-இல் டவுன்விண்ட் வேலைகளைப் பாருங்கள். எரிபொருள் வால்வு திறந்திருக்கிறதா, மிக்ஸ்சர் ரிச் (எரிபொருள் கலவை செறிவாக), பெல்ட்டும் கதவும் பூட்டியிருக்கிறதா, பிரேக் பெடல் மேல் கால் அழுத்தாமல் இருக்கிறதா, கார்ப் ஹீட் (கார்ப்யுரேட்டருக்குச் சூடான காற்று) ஆன், த்ராட்டிலைக் குறை, வேகம் 85 நாட்டுக்குக் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) கீழே வந்ததும் முதல் 10 டிகிரி ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் தகடு). கார்ப் ஹீட் குமிழுக்குக் கை போகும் நேரத்தில் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "மாமா, அதோ தெரியுதே, ஜக்கூர் ஏரிதானே அது?" விமானி திரும்பிப் பார்த்து ஆமாம் என்கிறார். கை திரும்பி வரும்போது நேராக த்ராட்டிலுக்குப் போய்விடுகிறது. கார்ப் ஹீட்டை இழுக்க நினைத்ததை, இழுத்துவிட்டதாகவே மனம் பதிவு செய்துகொள்கிறது. செய்ய எண்ணியதற்கும் செய்ததற்கும் உள்ள வித்தியாசத்தை நினைவு இப்படி அழித்துவிடுவதை நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்தில் விமானிகளை வைத்தே விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அனுபவம் கூடினால் இது குறையும் என்று நினைக்க வேண்டாம். பழகிய கை தானாக அடுத்த வேலைக்குப் போகும் என்பதால், அனுபவசாலிக்கும் இது நேரும்.

விட்டுப்போனது கார்ப் ஹீட் என்றால் விளைவு உடனே தெரியாது. பெங்களூர் மழைக்காலத்தில் 22, 23 டிகிரியும் ஈரக் காற்றும் சேர்ந்திருக்கும். த்ராட்டிலைக் குறைத்து இறங்கும்போது கார்ப்யுரேட்டரில் பனி பிடிக்க அதைவிட வசதியான வானிலை கிடையாது. குளிர்ப் பிரதேசத்துப் பிரச்சினை என்று இதை ஒதுக்குகிறவர்கள் பலர். குறைந்த பவரில் எஞ்சின் ஒழுங்காகச் சுற்றுவதுபோலவே இருக்கும். 200 அடியில் ஏதோ சரியில்லை என்று த்ராட்டிலை முழுதும் தள்ளும்போதுதான் அது இருமும்.

விட்டுப்போனது ஃபிளாப் என்றால் சங்கிலி வேறு. விமானம் உயரமாகவும் வேகமாகவும் ஃபைனலுக்கு, அதாவது ஓடுபாதைக்கு நேரான கடைசிக் கட்டத்துக்கு, வரும். வேகம் 10 நாட் கூடுதல். ஓடுபாதைக்கு மேலே இறங்க மறுத்து மிதந்துகொண்டே போகும். பாதி ஓடுபாதை காலடியில் ஓடிவிட்டதே என்ற பதற்றத்தில் விமானி யோக்கை (கையால் பிடிக்கும் கட்டுப்பாட்டுப் பிடி) முன்னால் தள்ளுவார். மூக்குச் சக்கரம் முதலில் தரையைத் தொடும். உடைந்த சக்கரத்தை மட்டும் பார்ப்பவருக்கு ஃபிளாப் நினைவுக்கே வராது.

65 நாட், ஆனால் 65 அல்ல

ஜக்கூர் ஓடுபாதை 08/26. நீளம் சுமார் 900 மீட்டர், கடல் மட்டத்திலிருந்து உயரம் சுமார் 3000 அடி. அந்த உயரத்துக்குரிய திட்ட வெப்பநிலை 9 டிகிரி. ஏப்ரல் பிற்பகலில் 34 டிகிரி அடித்தால் 25 டிகிரி அதிகம். ஒரு டிகிரிக்கு 120 அடி என்று கூட்டினால் அடர்த்தி உயரம் (காற்றின் அடர்த்தியை வைத்து விமானம் உணரும் உயரம்) 6000 அடிக்குப் போய்விடுகிறது. ஏர்ஸ்பீடு மீட்டரில் 65 காட்டினால் உண்மை வேகம் 71 நாட், அதாவது விநாடிக்கு 120 அடி. காற்றில்லாத நேரத்தில் மூன்று விநாடி மொபைலைப் பார்த்தால் 360 அடி போய்விடும். மொத்த ஓடுபாதையில் எட்டில் ஒரு பங்கு அது. நிமிடத்துக்கு 500 அடி இறங்கும் விமானம் அதே மூன்று விநாடியில் 25 அடி கீழே வந்திருக்கும்.

மீட்டரில் காட்டும் வேகத்தை இதற்காகக் கூட்டக் கூடாது. இறக்கை உணர்வது மீட்டர் வேகத்தைத்தான். செஸ்னா 172எஸ் கையேடு முழு ஃபிளாப்பில் 60 முதல் 70 நாட் என்கிறது, குட்டை ஓடுபாதைக்கு 61. கடல் மட்டத்தில் 15 டிகிரியில், அந்த 61 நாட்டில், 50 அடித் தடையைத் தாண்டி இறங்கி நிற்க ஏறத்தாழ 1335 அடி வேண்டும். இங்கே அது கூடும். கையேட்டு அட்டவணையில் 3000 அடி வரிசையையும் அன்றைய வெப்பத்தையும் பார்த்து, கிளம்பும் முன்பே எண்ணை முழங்கால் பலகையில் எழுதிக்கொள்ள வேண்டும். பாதுகாப்புக்கு என்று சிலர் பத்து நாட் கூட்டி வருவார்கள். 65-க்குப் பதில் 75 என்றால் சக்தி மூன்றில் ஒரு பங்கு அதிகம். அதை மிதந்தோ பிரேக்கிலோ கரைத்தாக வேண்டும்.

கோ-அரவுண்டுக்கும் (இறங்காமல் திரும்ப எழுந்து சுற்றி வருவது) இதே கணக்குதான். 6000 அடி அடர்த்தி உயரத்தில் டர்போ இல்லாத எஞ்சின் தன் பவரில் ஐந்தில் நான்கு பங்கைத்தான் கொடுக்கும். இரண்டு பேர் ஏறிய 152, முழு ஃபிளாப்புடன் அந்த வெயிலில் ஏற மிகவும் சிரமப்படும். அதனால் திரும்ப எழும் முடிவு சீக்கிரம் வரவேண்டும்.

இன்னொன்று வெளிச்சம். தென்மேற்குப் பருவக் காற்றின் மாதங்களில் பெரும்பாலும் 26-இல் இறங்குவோம். மாலையில் சூரியன் நேர் எதிரே. வடகிழக்குக் காற்றின் காலத்தில் 08, காலையில் அதே தொல்லை. கூசும் கண்ணோடு ஏர்ஸ்பீடு மீட்டரைத் தேடும் அந்தச் சில விநாடிகளும் கவனச் சிதறல்தான். தொப்பியும் கண்ணாடியும் டவுன்விண்டிலேயே தயாராக இருக்கட்டும். 08-க்கு வருகிறவர்களுக்கு, மேற்கு முனை அருகே ஓடும் பெல்லாரி சாலையின் வாகனங்கள் கண்ணை இழுக்கும். பருந்துகளையும் மறக்க முடியாது. பருந்து எதிரே வந்தால் பெரும்பாலும் அது மடங்கிக் கீழே பாயும் என்பதால் விமானி மேலே ஒதுங்குவது வழக்கம். ஃபைனலில் அப்படி ஒதுங்கினால் வேகம் போய்விடும். ஒதுங்கிய கையோடு பவர் கொடுத்துச் சுற்றி வர வேண்டும்.

பேச்சு எங்கே நிற்க வேண்டும்

1972 டிசம்பர் 29 இரவு, மயாமிக்கு வந்துகொண்டிருந்த ஈஸ்டர்ன் 401 விமானத்தில் மூக்குச் சக்கர விளக்கு எரியவில்லை. எரிந்துபோன அந்தச் சின்ன பல்பைப் பார்ப்பதிலேயே காக்பிட் முழுதும் மூழ்கியிருந்தபோது ஆட்டோபைலட் உயரத்தைப் பிடிப்பதை விட்டுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. விமானம் சதுப்பு நிலத்தில் விழுந்து 101 பேர் இறந்தார்கள். 1981-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ, விமான நிறுவனங்களுக்கு 10,000 அடிக்குக் கீழே தேவையற்ற பேச்சும் வேலையும் கூடாது என்று விதி போட்டது. ஸ்டெரைல் காக்பிட் என்பது அதுதான். தனியார் சிறு விமானத்தில் அந்த அமைதியை விமானிதான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். 10,000 அடி என்ற அளவு நமக்குப் பொருந்தாது. கிளம்பும்போது எஞ்சினை இயக்கியதிலிருந்து தரைக்கு மேல் 1000 அடி ஏறும்வரை, திரும்பும்போது விமான நிலையத்துக்குப் பத்து நிமிடத் தொலைவிலிருந்து ஓடுபாதையை விட்டு வெளியேறி நிற்கும்வரை என்று வைத்துக்கொண்டால் நடைமுறையில் சரியாக வருகிறது.

பயணிகளிடம் இதைத் தரையிலேயே, எஞ்சின் சத்தம் இல்லாதபோது, நம் மொழியில் சொல்லிவிடுவது நல்லது. "நான் கையைத் தூக்கினேன்னா அப்புறம் இறங்கி நிக்கிற வரைக்கும் யாரும் பேசக் கூடாது. வேற விமானம், பறவை, புகை, பெட்ரோல் வாசனை, உடம்பு சரியில்லை, இதுக்கு மட்டும் தோளைத் தட்டுங்க." இவ்வளவுதான். வெறுமனே சும்மா இருங்கள் என்று சொன்னால் யாராலும் இருக்க முடியாது. ஒரு வேலை கொடுத்தால் இருப்பார்கள். "அத்தை, நீங்க வலது பக்கம் வேற விமானம் தெரியுதான்னு பாருங்க" என்றால் அத்தை கடைசிவரை கண்ணிமைக்காமல் பார்ப்பார். அது உண்மையிலேயே பயனுள்ள உதவியும்கூட. ஆடியோ பேனலில் விமானியைத் தனியாகப் பிரிக்கும் ஐசோலேட் சுவிட்ச் இருந்தால், சர்க்யூட்டில் (இறங்குவதற்காக ஓடுபாதையைச் சுற்றி வரும் பாதை) நுழையும்போது அதைப் போட்டுவிடலாம். அந்த நேரத்தில் தங்கள் குரல் கேட்காது என்று முன்னமே சொல்லிவைக்க வேண்டும்.

மொபைல் விஷயத்தில் தளர்வே கூடாது. 2014 மே 31 அன்று கொலராடோவின் வாட்கின்ஸ் அருகே செஸ்னா 150 ஒன்று இரவில் விழுந்து இருவர் இறந்தார்கள். இரவு மேகத்தில் திசையுணர்வு இழந்து விமானத்தின் கட்டுப்பாடு போனதே காரணம், தாழ்வாகப் பறந்தபோது மொபைலைப் பயன்படுத்தியதால் வந்த கவனச் சிதறலும் அதற்குத் துணைபோனது என்று அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி முடிவு செய்தது. விமானியின் மொபைல் ஏரோப்ளேன் மோடில் பைக்குள் இருக்க வேண்டும். வரைபடத்துக்கு டேப்லெட் வைத்திருப்பவர்கள் அதில் அறிவிப்புகளை அணைத்து, ஹெட்செட்டின் ப்ளூடூத் இணைப்பையும் துண்டித்துவிடுங்கள். ஷார்ட் ஃபைனலில் (ஃபைனலின் கடைசிப் பகுதி) காதுக்குள் அழைப்பு மணி ஒலித்தால் எவ்வளவு தேர்ந்த கையும் ஒரு கணம் தடுமாறும்.

ரேடியோவும் கவனத்தைக் கலைக்கும். கண்ட்ரோலர் கேட்டால் உடனே பதில் சொல்லியே ஆகவேண்டும் என்ற பதற்றம் பயிற்சி மாணவர்களிடம் அதிகம். ஃபைனல் திரும்பும் நடுவில் கேள்வி வந்தால் "ஸ்டாண்ட்பை" என்ற ஒரு சொல் போதும். இறக்கை மட்டமான பிறகு பதில் சொல்லலாம். முதலில் விமானத்தை ஓட்டு, பிறகு வழியைப் பார், அப்புறம் பேசு.

பயிற்றுநர்கள் மன்னிக்க வேண்டும், உங்களுக்கும் ஒன்று. 200 அடிக்குக் கீழே மாணவனிடம் நீளமாக விளக்குவது அவன் கவனத்தை உடைக்கிறது. "ஸ்பீடு", "ரட்டர்", "பவர்", "கோ-அரவுண்ட்" என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மீதியைத் தரையில் பேசலாம். கட்டுப்பாட்டை வாங்கும்போது "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொல்லி, மாணவன் "யூ ஹேவ் கன்ட்ரோல்" என்று விட்டுவிட்டதைக் கேட்டு உறுதி செய்யுங்கள். இருவரும் பிடித்திருந்தாலும் இருவரும் விட்டிருந்தாலும் ஃப்ளேரில் (தரையைத் தொடும் முன் மூக்கைத் தூக்கும் கணத்தில்) முடிவு மோசம்தான்.

கதவு, பாட்டில், இருக்கை

செஸ்னா, பைப்பர் கதவுகள் பறக்கும்போது படாரென்று திறந்துகொள்வது புதிதல்ல. திறந்தால் காற்றின் அழுத்தத்தில் சில அங்குலம் விலகி நிற்கும், அவ்வளவுதான். சத்தம் பயங்கரமாக இருக்கும், தாள்கள் பறக்கும், ஆனால் விமானம் பறக்கும். கதவைச் சாத்த விமானி உடம்பைத் திருப்பிக் கையை நீட்டும்போதுதான் ஆபத்து. யோக் கூடவே இழுபட்டு வேகம் விழும். கதவை அப்படியே விட்டுவிட்டு, வழக்கமான சர்க்யூட் அடித்து, வழக்கமான வேகத்தில் இறங்கி, நின்ற பிறகு சாத்துங்கள். "கதவு திறந்தாலும் விழுந்துட மாட்டீங்க, பெல்ட் போட்டிருக்கீங்க" என்று பயணியிடம் முன்பே சொல்லிவைத்தால் அவர் அலறலும் பாதியாகக் குறையும்.

தண்ணீர் பாட்டிலைக் காலடியில் வைக்கவே கூடாது. மூக்கைத் தாழ்த்தியதும் அது உருண்டு ரட்டர் (வால் சுக்கான்) பெடலுக்கு அடியில் போகும். பக்கக் காற்றில் ரட்டர் தேவைப்படும் அதே நேரத்தில் பெடல் நகராது. கேமரா, பவர் பேங்க், கைப்பை எல்லாம் பைக்குள், பை பின்னிருக்கையில், மேலே பெல்ட்.

இருக்கைத் தண்டவாளப் பூட்டைச் செஸ்னாக்காரர்கள் நன்கு அறிவார்கள். முன்னும் பின்னும் உடம்பால் உலுக்கிப் பார்த்து, பூட்டு ஆணி முழுதும் துளையில் விழுந்திருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். கோ-அரவுண்டில் முழு பவர் கொடுத்ததும் இருக்கை பின்னால் வழுக்கினால், விமானி யோக்கைப் பிடித்துத் தொங்குவார், மூக்கு செங்குத்தாக எழும், மீட்க உயரம் இருக்காது.

பாதியில் நின்ற வேலையை எப்படித் தொடர்வது

செக்லிஸ்ட் நடுவில் யாராவது குறுக்கிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள். முதல் வரியிலிருந்து திரும்ப ஆரம்பியுங்கள். எட்டு வரிக்குப் பத்து விநாடி ஆகும். அந்தப் பத்து விநாடி இல்லை என்றால், இறங்கவும் நேரம் இல்லை என்று பொருள். குறுக்கீட்டைத் தவிர்க்கவே முடியாதபோது கட்டை விரலை அந்த வரியில் வைத்தபடியே பதில் சொல்லும் பழக்கமும் உதவும்.

சக்கரம் மடங்கும் விமானங்களில் இது இன்னும் கடுமை. கியர் இறக்கப்படவில்லை என்று ஹார்ன் அலறிக்கொண்டிருக்கும்போதே வயிற்றால் இறங்கிய விமானிகள் உண்டு. கவனம் வேறொன்றில் இறுகியிருந்தால் காது அதை வடிகட்டிவிடும். அதனால் டவுன்விண்ட், பேஸ், ஷார்ட் ஃபைனல் என மூன்று இடத்திலும் விளக்கைக் கையால் தொட்டு, "மூணு பச்சை" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பேஸில் கவனம் கலைந்தால் ஓடுபாதை நேர்கோட்டைத் தாண்டிவிடுவோம். அப்போது ரட்டரால் மூக்கைத் திருகி, இறக்கையை 45 டிகிரிக்குச் சாய்த்துப் பிடிக்கத் தோன்றும். உயரம் விடாமல் பிடித்த 45 டிகிரிச் சாய்வில் ஸ்டால் வேகம் (இறக்கை தூக்கும் திறனை இழக்கும் வேகம்) 19 சதவீதம் கூடுகிறது, 60 டிகிரியில் 41 சதவீதம். ரட்டர் திருகல் சேர்ந்தால் ஸ்டால் சுழற்சியாக மாறும். 500 அடியில் அதிலிருந்து மீள முடியாது. 30 டிகிரிக்கு மேல் சாய்க்காதீர்கள். தாண்டிப்போனால் போகட்டும், பவர் கொடுத்து ஏறிச் சுற்றி வாருங்கள்.

தரைக்கு மேல் 300 அடியில், அதாவது இங்கே ஆல்டிமீட்டர் ஏறத்தாழ 3300 காட்டும்போது, நான்கு கேள்வி. நேர்கோட்டில் இருக்கிறேனா? வேகம் குறித்ததற்குக் குறையாமலும் 5 நாட்டுக்கு மேல் கூடாமலும் இருக்கிறதா? ஃபிளாப்பும் செக்லிஸ்டும் முடிந்ததா? மனம் இங்கே இருக்கிறதா? ஒன்றுக்கு இல்லை என்றாலும் கோ-அரவுண்ட். அதேபோல முதல் 300 மீட்டருக்குள் சக்கரம் தரையில் படவில்லை என்றாலும் அதுதான். ஓடுபாதை ஓரத்தில் அந்த இடத்துக்கு ஓர் அடையாளம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

172-இல் கோ-அரவுண்ட் வரிசை: த்ராட்டில் முழுதும், கார்ப் ஹீட் இருந்தால் உள்ளே, வலது ரட்டர், மூக்கை மேலே எகிற விடாமல் பிடி, ஃபிளாப் உடனே 20. ஏறத் தொடங்கியதை உறுதி செய்து 10, பாதுகாப்பான உயரமும் வேகமும் வந்த பிறகு முழுதும் மேலே. இறக்கத்துக்காக ட்ரிம்மை (மூக்கின் நிலையைத் தாங்கிப் பிடிக்கும் சக்கரம்) நிறையப் பின்னால் சுற்றியிருப்போம் என்பதால் முழு பவரில் மூக்கு பலமாக எழும். அதை அழுத்திப் பிடிக்கக் கை வலு வேண்டும். ஃபிளாப்பை ஒரேயடியாக மேலே ஏற்றினால் விமானம் தரையில் போய் உட்காரும். இதை முதலில் தரைக்கு மேல் 3000 அடி உயரத்தில், கீழே இருப்பது ஓடுபாதை என்று பாவித்துப் பலமுறை பழக வேண்டும்.

துள்ளினால்

கவனம் கலைந்து வந்தவருக்கு முதல் தொடுகையில் விமானம் துள்ளுவது சகஜம். மேலே எழுந்ததும் யோக்கைத் தள்ளுவது மனித இயல்பு. விமானம் நம் கைக்குச் சற்றுத் தாமதமாகவே பதில் சொல்வதால், தள்ளியதன் பலன் கீழே வரும்போது கிடைக்கிறது. மூக்குச் சக்கரம் அடிக்கிறது, இன்னும் உயரமாகத் துள்ளுகிறது. மறுபடி தள்ளினால், இரண்டாவது அல்லது மூன்றாவது அடியில் மூக்குக் கால் போய்விடும், ப்ரொப்பெல்லரும் தரையில் படும். துள்ளல் சிறிதாக இருந்தால் மூக்கை இறங்கும் நிலையிலேயே அசைக்காமல் பிடித்து, கொஞ்சம் பவர் சேர்த்து, திரும்பத் தாழ விடலாம். ஓர் ஆள் உயரத்துக்கு மேல் எழுந்தாலோ, இரண்டாம் முறை துள்ளினாலோ யோசிக்காமல் முழு பவர்.

தொட்டுவிட்டால் முடிந்தது என்று மனம் தளரும் அந்தக் கணமும் மோசமானது. பக்கக் காற்றில் வேகம் குறையக் குறைய எய்லரானை (இறக்கை நுனிப் பக்கமுள்ள, விமானத்தைச் சாய்க்கும் தகடு) காற்றுப் பக்கம் இன்னும் அதிகமாகத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். ஓடும்போதே ஃபிளாப் சுவிட்சைத் தேடுவது, எந்த டாக்ஸிவே என்று பார்ப்பது, ரேடியோவில் நன்றி சொல்வது எல்லாம் விமானத்தைப் புல்லுக்கு இழுத்துச் செல்லும். சக்கரம் மடங்கும் விமானத்தில் ஃபிளாப் என்று நினைத்து கியர் லீவரைத் தூக்கியவர்களும் இருக்கிறார்கள். ஓடுபாதையை விட்டு வெளியேறி, பிரேக் போட்டு நின்று, அதன் பிறகுதான் கை பேனலுக்குப் போக வேண்டும்.

பலமாக விழுந்து இறங்கியிருந்தால் அன்றைக்கு அந்த விமானத்தை மறுபடி கிளப்பக் கூடாது. ஃபயர்வாலின் (எஞ்சினுக்கும் காக்பிட்டுக்கும் இடையிலுள்ள தடுப்பு) கீழ்ப் பகுதியில் தகடு சுருங்கியிருக்கிறதா, எஞ்சின் மவுண்ட் குழாய்களில் வெடிப்பு உண்டா, மூக்கு ஓலியோவில் (அதிர்வு தாங்கியில்) எண்ணெய் கசிகிறதா, ப்ரொப்பெல்லர் நுனியில் கீறலோ வளைவோ இருக்கிறதா, டயரில் தேய்ந்த தட்டை இடம் இருக்கிறதா என்று எஞ்சினியரோடு சேர்ந்து பார்க்க வேண்டும். ப்ரொப்பெல்லர் நுனி தரையைத் தொட்டிருந்தால், எஞ்சின் நிற்காமல் சுற்றியிருந்தாலும், லைகமிங்கின் 533-ஆம் சர்வீஸ் புல்லட்டினைப் பார்க்காமல் அதை விடக் கூடாது. கிராங்க் ஷாஃப்டில் விழுந்த சேதம் வெளியே தெரியாது. டெக் லாகில் (விமானத்தின் பதிவேட்டில்) அன்றே எழுதிவிடுங்கள், காலையில் அதே விமானத்தில் தனியாக ஏறப்போவது ஒரு மாணவனாக இருக்கலாம்.